வடக்கில்லாத வரைபடம்

“அதுக்கு அங்கிட்டு என்ன இருக்கு, டீச்சர்?”

தென்காசியை அடுத்த மேலகரத்தில் கடை வைத்திருந்த அந்த மனிதர் இந்தக் கேள்வியை என்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். நான் ஒரு காட்டைச் சொன்னால் காட்டுக்கு அங்கிட்டு என்ன என்பார். காட்டுக்கு அப்பால் பாலைவனம் என்றால், பாலைவனத்துக்கு அங்கிட்டு என்ன என்பார். பொறுக்க முடியாமல் ஒருநாள், “ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி, அதோட உலகம் முடியுது” என்றேன். அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“முடியுதுன்னா எதுல முடியுது? சுவரா, வேலியா, பள்ளமா? ஏதாவது ஒண்ணு சொன்னாத்தான கோடு போட முடியும்.”

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது.

நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளையும் கோடை விடுமுறைகளையும் தின்று ஆறு வருடத்தில் ஒரு நாவல் எழுதினேன். எழுவரை என்று ஒரு நாடு, அதற்கு ஒரு இளம் அரசி, வானத்தில் பறக்கிற சிறகுயாளிகள், கடல் தாண்டி வரும் எதிரிகள். எல்லாம் என் தலைக்குள்ளிருந்து வந்தவை. சென்னையில் ஒரு பதிப்பாளர் அதைப் போட ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. இந்த மாதிரி நாவலுக்கு முன்பக்கத்தில் வரைபடம் இருக்க வேண்டும், வாசகர்கள் இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் புரட்டிப் பார்க்கிறார்கள், புத்தகக் கண்காட்சிக்கு முன்னால் அச்சாக வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்குள் வேண்டும் என்றார்.

கைபேசியில் அதற்கென்று இருக்கிற செயலியில் நானே முயன்று பார்த்தேன். மலைகளை விரலால் இழுத்து இழுத்து வைத்தால் இலையில் வடை பரப்பியது மாதிரி இருந்தது. ஆறு எங்கே தொடுகிறேனோ அங்கே நின்றுவிட்டது. அப்போதுதான் எங்கள் பள்ளி எழுத்தர் இவரைப் பற்றிச் சொன்னார். வீட்டுமனைகளுக்கு லேஅவுட் போடுகிறவர், கம்ப்யூட்டரில் வரைவதில் கெட்டிக்காரர், கோடு சுத்தமாக இருக்கும் என்றார். கோட்டோடு கூட என்னென்ன வரும் என்று அவர் சொல்லவில்லை.

கடை, குற்றாலம் போகிற சாலையில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. சாரல் காலத்தில் படியேறினால் கீழே நெய் பிஸ்கட் வாசனையும், அருவியில் குளித்துவிட்டு வேனில் திரும்புகிறவர்களின் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வரும். உள்ளே இரண்டு மேசைகள். ஒன்றில் அவர். இன்னொன்றில் அவர் மனைவி, பத்திரங்கள் டைப் அடித்துக்கொண்டிருப்பார். அண்ணாச்சிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னைவிட மூன்று நான்கு வயது கூட. கண்ணாடி போட்டிருப்பார், ஆனால் திரையைப் பார்க்கும்போது கழற்றிவிடுவார். எல்லா அளவும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தாலும் ஒரு இரும்பு ஸ்கேலைத் திரைமேல் வைத்து ஒருதடவை பார்த்தால்தான் அவருக்கு மனம் ஆறும். திரை முழுக்கக் கீறல்.

புதுக் கோப்பைத் திறந்ததும் முதல் வேலையாக வலது மேல் மூலையில் வடக்கு காட்டும் அம்புக்குறியைப் போட்டார். “இது என் நாடு அண்ணாச்சி, வடக்கு எதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணல” என்றேன். “நீங்க முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் இது இங்கன இருக்கட்டும். இது இல்லாம எனக்குக் கை ஓடாது” என்றார்.

அதற்குப் பிறகு நாவலைக் கேட்டார்.

“வரைபடத்துக்கு நாவல் எதுக்கு? நான்தான் பட்டியல் கொண்டாந்திருக்கேனே.”

“பத்திரத்தைப் படிக்காம நிலத்தை அளக்க முடியுமா டீச்சர்?”

அறுநூறு பக்கம். ஒன்பது நாளில் படித்து முடித்தார். என் வீட்டுக்காரர் இன்றுவரை நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். என் நாவலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்த முதல் ஆள் அவர்தான். நான் படியேறிப் போய், “கதை எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“கதையா? நான் இடத்தை மட்டுந்தான் பாத்தேன்” என்றார்.

பிறகு ஒரு நோட்டைத் திறந்தார். என் நாவலில் வருகிற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு வரி. பத்திரத்தில் எழுதுவார்களே, இன்னார் வயலுக்கு வடக்கு, இன்னார் தோப்புக்குத் தெற்கு என்று, அதே மாதிரி. பாதிப் பக்கங்களில் நான்கு வரியும் காலியாக இருந்தது. அரசியின் அரண்மனைக்கு ஒரு எல்லையும் நான் சொல்லவில்லையாம். “பக்கத்து வீட்டுக்காரன் யாருன்னு தெரியாம ஒரு மனுசி எப்படி டீச்சர் அரசாளுதா?” என்று உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார்.

இதெல்லாம் நக்கல் என்றால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த ஆளுக்கு நக்கல் வராது. அதுதான் இன்னும் ஆத்திரமூட்டியது. தலைநகரத் தெருவில் எதிரெதிரே இரண்டு தேர் வந்தால் எது ஒதுங்கும்? பாலைவனத்து ஊரில் ஒருவர் இறந்துபோனால் சுடுகாட்டுக்கு எந்த வழியாகத் தூக்கிப் போவார்கள்? எழுபது சிறகுயாளிகள் இருக்கின்றன, சரி, அவை தண்ணீர் குடிப்பது எங்கே?

“அதுக கற்பனை, அண்ணாச்சி.”

“கற்பனைன்னாலும் நீங்க அதுகளை இறைச்சி திங்க வச்சிருக்கிய. திங்கிறது குடிக்கும்லா.”

நான் அவர் மனைவியைப் பார்த்தேன், அவராவது எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று. அவர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“நீங்க இந்த ஒரு மாசமாத்தான டீச்சர் அனுபவிக்கிய. எங்க கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால மண்டபத்துக்கு இவுகளே வழி போட்டுக் குடுத்தாக. எங்கப்பா எதுக்கு மாப்பிள்ளை கையால வரையணும், பிரஸ்லயே போட்டுக்கிடலாம்னாக. கேக்கலை. பத்திரிகை வந்து பாத்தா, மண்டபத்துக்குப் போற வழியில எங்கெங்க சாக்கடை மூடாம கிடக்கு, எந்தக் கிணத்துக்குச் சுவர் இல்லை, எல்லாம் இருக்கு. எங்க அத்தை சொன்னாக, இது கல்யாணத்துக்குக் கூப்பிடுத மாதிரி இல்லை, வராதீயன்னு சொல்லுத மாதிரி இருக்குன்னு.”

“ஒருத்தரும் விழலைல்லா?” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஏன் விழுதாக? பாதிப் பேரு வரவே இல்லை.”

ஒரு சனிக்கிழமை காலையில் நானே அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மனைவியும் வந்தார். என் நாவலில் ஒரு பெரிய அருவி வருகிறது. அது எப்படி இடிமாதிரி விழும் என்று வாயால் சொல்லி மாளவில்லை, நேரில் காட்டிவிடலாம் என்பது என் எண்ணம். சாரல் நன்றாக இறங்கியிருந்தது. பேரருவியில் தலைகளாகத் தெரிந்தன. நான் கையை நீட்டி, “அதைப் பாருங்க, அந்த மாதிரிதான், ஆனா இதைவிட நாலு மடங்கு” என்று சொல்லித் திரும்பினால் ஆளைக் காணோம். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருக்க, இவர் கீழே தண்ணீர் ஓடிப்போகிற பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

“விழுறதை எல்லாருந்தான் பாக்காக. இது எங்கன போகுதுன்னு நீங்க எழுதவே இல்லையே டீச்சர். உங்க அருவி பதினேழாவது அத்தியாயத்துல விழுது. அதுக்குப் பொறவு அந்தத் தண்ணியைக் காணோம்.”

நான் அங்கேயே நின்று யோசித்தேன். உண்மையிலேயே காணோம். அவ்வளவு தண்ணீரையும் விழவைத்துவிட்டு அப்படியே மறந்துபோயிருக்கிறேன். அன்றைக்கு அருவிச் சத்தத்துக்கு நடுவே நின்று அவசர அவசரமாக ஒரு ஆறும் இரண்டு ஏரிகளும் உண்டாக்கினேன். பெரிய ஏரிக்கு என்ன பெயர் என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் “தொணதொணப்பேரி” என்றேன். அவர் அதை எழுத்து மாறாமல் நோட்டில் எழுதிக்கொண்டு, “இதுல எந்தெந்த ஊருக்குப் பாசனம்?” என்று கேட்டார். பிற்பாடு வாசகர்கள் பலருக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போனது வேறு விஷயம்.

அவரை நான் மெச்சிய நாளும் உண்டு. கடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது ஒரு வெளியூர்க்காரர் வந்தார். கடையம் சாலையில் வயலை வாங்கி மனை போடுகிறவர். விளம்பரத்துக்கான வரைபடத்தில் நடுவே ஓடுகிற ஓடையை எடுத்துவிடச் சொல்லியிருந்தார் போல. இவர் ஓடையை எடுக்காதது மட்டுமில்லை, பட்டை நீலத்தில் வரைந்து பக்கத்தில் “மழைக்காலத்தில் இடுப்பளவு” என்று எழுதியும் வைத்திருந்தார். வந்தவர் குதித்தார்.

“நான் வரையலைன்னா ஓடை ஓடாம இருக்குமா சார்? அங்கன வீடு கட்டுதவன் குடும்பத்தோட குடியிருக்க வேண்டாமா?” என்றார் இவர். அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த ஆள் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுப் போனார். மனைவி, “இப்படியே வாரவுகளை எல்லாம் விரட்டுங்க” என்று முணுமுணுத்தார். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போல இருந்தது.

என் காரியம் என்று வந்தபோது நான் கைதட்டவில்லை.

பதிப்பாளருக்கு வரைபடம் அனுப்ப நான்கு நாள் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்குப் போனேன். வரைபடம் முடிந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. இடது பக்கம் முழுக்கக் கடல், அலையலையாக. அதன்மேல் “மேலைக்கடல்” என்று எழுத்து. கரையில் துறைமுகம், பிறகு சமவெளி, பிறகு வலது ஓரத்தில் மலைத்தொடர். மலையில் பிறக்கிற ஆறுகள் எல்லாம் சமவெளி வழியாக மேற்கே வந்து கடலில் விழுந்தன. என் தலைக்குள் ஆறு வருடமாகப் புகைமூட்டமாக இருந்த நாடு எதிரே நிற்கிறது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

“கடைசி அத்தியாயத்துல சூரியன் கிழக்க மறையுது, டீச்சர்” என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை. அவர் நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். மூன்றாம் அத்தியாயத்தில் அரசி துறைமுகத்தில் நின்று சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கிறாள். ஆகவே கடல் மேற்கே. மலை கிழக்கே. நாவல் முழுக்க அப்படித்தான். ஆனால் கடைசி அத்தியாயத்தில், சமவெளியில் போர் நடக்கிறது. சாயங்காலம், சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிறது. மலையின் நிழல் போர்க்களத்தின் மேல் விழுகிறது. நிழலுக்குள் வந்தால் சிறகுயாளிகளுக்குக் கண் தெரியாது. எதிரியின் யாளிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழ, அரசி ஜெயிக்கிறாள். அறுநூறு பக்கமும் அந்த நிழலுக்காகத்தான் எழுதினேன். அந்த நிழலை விழவைக்க சூரியனைக் கிழக்கே இறக்கியிருக்கிறேன்.

“நம்ம ஊரை எழுதிட்டிய” என்றார் அவர், கொஞ்சம் தயங்கி. “நம்ம ஊர்லதான அஞ்சு, அஞ்சரைக்கே வெயிலு மலைக்கு அங்கிட்டு போயிருது. நமக்கு மலைன்னாலே மேக்க தான். நீங்க யோசிக்காமலே எழுதியிருக்கிய. நான் மொதல்ல படிக்கையில எனக்குமே தட்டலை. வரைஞ்ச பொறவுதான் தெரிஞ்சுது.”

சன்னல் வழியே பார்த்தேன். மலை அங்கேதான் நின்றது, மேற்கே. வெயில் அதற்குப் பின்னால் போய்விட்டிருந்தது. பிறந்ததிலிருந்து தினமும் பார்த்த சாயங்காலம். அதைத்தான் நான் கற்பனை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். “யாளி பறக்குது! அதை ஒண்ணும் சொல்லலை, சூரியனைப் பிடிச்சுக்கிட்டிய!” என்று கத்தினேன்.

“யாளி பறக்கும்னு நீங்க மொத பக்கத்துலயே சொல்லிட்டிய. சூரியன் கிழக்க மறையும்னு எங்கயும் சொல்லலையே.”

“இப்ப நான் என்ன செய்ய?”

“போரைக் காலையில வச்சுக்கிடுங்களேன். கிழக்க மலை, காலையிலயும் நிழல் விழும்லா. என்ன, சாயங்காலம்னா நிழல் கூடிக்கிட்டே வரும், காலையிலன்னா குறைஞ்சுக்கிட்டே போகும். நிழல் போறதுக்குள்ள அந்தப் பிள்ளை ஜெயிச்சாகணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம். எண்பது பக்கத்தைத் திருப்பி எழுத வேண்டும், நான்கு நாளில், காலாண்டுத் தேர்வுத் தாள்களையும் திருத்திக்கொண்டு. புத்தகம் வருகிறது என்று பதிப்பாளர் ஊரெல்லாம் அறிவித்துவிட்டார். இந்தக் கண்காட்சியைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான், அதுவும் அவர் மனம் மாறாமல் இருந்தால். ஆறு வருட உழைப்பு. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நாற்பத்திரண்டு வயதுப் பெண், பிள்ளைகளை அதட்டி வேலை வாங்குகிற டீச்சர், பொலபொலவென்று அழுதேன்.

அழுதுகொண்டேதான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். “வடக்கை எடுத்துருங்க அண்ணாச்சி.”

“என்னது?”

“அந்த அம்புக்குறியை எடுத்துருங்க. மேலைக்கடல்ல மேலையை எடுத்துட்டு வெறும் கடல்னு போடுங்க. திசையே இல்லாம இருந்தா யாருக்குத் தெரியப் போகுது? படிக்கிறவன் அப்பப்ப எது தோணுதோ அதை நினைச்சுக்கிடுவான்.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “வடக்கு இல்லாம அது என்ன மேப்பு டீச்சர்?” என்று மட்டும் கேட்டார்.

“இதுல ஒருத்தனும் வீடு கட்டப் போறதில்லை. ஒருத்தனும் வெள்ளத்துல போகப் போறதில்லை. கதை. வெறும் கதை.” அதைச் சொன்னது நான்தான். அந்தக் கதையை எழுதியவளும் நான்தான்.

அவர் மனைவி எழுந்து வந்து என் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பை வைத்தார். “எடுத்துக் குடுத்துருங்களேன். பாவம், டீச்சர் அழுதாக” என்றார். யார் என்ன சொல்லியும் ஓடையை எடுக்காத மனிதர், இரும்பு ஸ்கேலை மேசை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு, அம்புக்குறியைத் தேர்ந்தெடுத்து அழித்தார். பிறகு “மேலைக்” என்ற மூன்றெழுத்தை அழித்தார். வலது மேல் மூலை வெறுமையாக இருந்தது. அங்கே ஒரு யாளியைப் போடச் சொன்னேன். போட்டார்.

“வரைபடம்னு போட்டு உங்க பேரைக் கீழ சேர்த்துருதேன் அண்ணாச்சி” என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“வேண்டாம் டீச்சர். என் பேரு மட்டும் போட வேண்டாம்.”

அதைக்கூட நான் அப்போது தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

புத்தகம் வந்தது. ஓடியது. நான் சொன்னது பலித்தது, ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. விமர்சனம் எழுதியவர்கள் வரைபடத்தைத் தனியாகப் பாராட்டினார்கள். ஒரு வாசகி அதைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டிப் படம் அனுப்பினாள். யார் வரைந்தது என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். “ஊர்ல ஒரு நண்பர்” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். என்னால்தான் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியவில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்தால் கட்டைவிரல் தானாக முதல் நான்கு பக்கத்தைச் சேர்த்துத் தள்ளிவிடும்.

ஒன்றரை வருடம் கழித்து இரண்டாம் பதிப்பு என்றார்கள். நான் கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து கடைசி எண்பது பக்கத்தை மாற்றி எழுதினேன். காலைப் போர். நிழல் குறைந்துகொண்டே போகிறது, அதற்குள் ஜெயித்தாக வேண்டும். பழையதைவிட நூறு பங்கு நன்றாக வந்தது. அதுவும் எரிச்சல்தான், இடத்தை மட்டும் பார்த்த ஆள் சொன்னது சரியாக இருந்துவிட்டதே என்று. இருந்தாலும் சந்தோஷமாகப் படியேறினேன். வடக்கைத் திரும்பப் போட்டுவிடலாம், மேலைக்கடலை எழுதிவிடலாம், இந்தத் தடவை உங்கள் பெயரும் வரும் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. நான் பார்த்தேன். மவுஸைக்கூடத் தொட்டுவிட்டார். பிறகு கேட்டார்: “அப்பம் மொத புக்கு வாங்கினவுகளுக்கு?”

“அவங்களுக்கு என்ன?”

“அவுக கையில இருக்கது தப்பான மேப்புல்லா. பழைய பத்திரத்துல தப்பிருந்தா, புதுசா ஒண்ணு எழுதினா மட்டும் பத்தாது டீச்சர். பிழைத்திருத்தல் பத்திரம் எழுதணும். இன்ன இடத்துல இன்ன தப்பு, இப்படித் திருத்தி வாசிக்கணும்னு. தப்புப் பண்ணினவுக வந்து கையெழுத்துப் போடணும். புதுப் புக்குல முன்னால ஒரு பக்கம் எழுதிப் போடுங்க. நான் இன்னைக்கே வடக்கைப் போட்டுத் தாரேன்.”

“ஒரு ஆளுக்கும் தெரியலை. நானே போய்த் தண்டோரா போடணுமாக்கும்?”

“தெரியலைன்னா தப்பு இல்லைன்னு ஆயிருமா?”

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். எல்லாவற்றையும் சரிசெய்து கையில் கொண்டுவந்து நிற்கிறேன், இந்த மனிதருக்கு அதற்கும் அங்கிட்டு ஒன்று வேண்டியிருக்கிறது. “உங்களோட எவனாலயும் மல்லுக்கட்ட முடியாது” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எழுதிய எண்பது பக்கத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பழையபடியே போட்டுவிடுங்கள் என்று பதிப்பாளரிடம் சொன்னேன். இரண்டாம் பதிப்பிலும் சூரியன் கிழக்கே மறைந்தது.

அதற்குப் பிறகு நான் அந்தப் படியேறவில்லை. குற்றாலம் பஸ்ஸில் போகும்போது பேக்கரியைப் பார்ப்பேன், மாடியைப் பார்க்க மாட்டேன். போன வருடம் சாரல் முடிகிற சமயத்தில், கடையம் பக்கம் ஒரு நிலத்தை அளந்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தது.

துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் எப்படி விழுந்தார், யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று வருகிற எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி மரத்துப்போன குரலில் சொன்னார். பிறகு சட்டென்று குரல் மாறியது.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். உங்க புக்குல மேப்பு எங்க வீட்டுக்காரரு போட்டதுன்னு எங்கண்ணன் தம்பிமார்ட்டச் சொன்னேன். ஒருத்தரும் நம்பலை. பேரே இல்லையேன்னு சிரிச்சாக. இவுகட்டக் கேட்டா, என் பேரு வேண்டாம்னு நான்தான் சொன்னேன்னுட்டாக. ஏன்னு கேட்டா வாயத் திறக்கலை. நானும் அன்னைக்கு அங்கனதான் இருந்தேன், எனக்கு ஒண்ணும் வெளங்கலை. அவுக வரைஞ்சது நல்லா இல்லையா டீச்சர்? அதனாலதான் வெக்கப்பட்டு வேண்டாம்னாகளா?”

நான் அழித்தது அம்புக்குறியை மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் இத்தனை வருடமாகத் தன் புருஷனுக்கு அந்த வேலை சரியாக வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, அதை அவரிடம் காட்டிக்கொள்ளாமல் குடும்பம் நடத்தியிருக்கிறார். அவரும் என்னைக் காட்டிக்கொடுக்காமலே போய்விட்டார்.

சொன்னேன். சூரியனை, மலையை, கடலை, நான் என்ன எழுதியிருந்தேன், அவர் என்ன கண்டுபிடித்தார், நான் எதை எடுக்கச் சொன்னேன், இரண்டாம் தடவை எதற்காகக் கோபித்துக்கொண்டு இறங்கினேன், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் அவர் சிரித்துவிட்டார், “அவுக அப்படித்தான் கேப்பாக” என்று. முடித்தபோது சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

“அப்பம் அவுக தப்பா வரையலை.”

“இல்லை. தப்பு என்னுது.”

“இதை எழுதிக் குடுத்துருங்க டீச்சர்.” இருபது வருடம் பத்திரம் அடித்த குரல் அது. “வாயால சொன்னா எங்க அண்ணன் தம்பிமாரு நம்ப மாட்டாக.”

“எழுதுதேன். அவங்க பேரைப் போட்டே எழுதட்டுமா?”

“வேண்டாம்னு சொன்னது அவுக. மாத்திச் சொல்லவும் அவுகதான் வரணும். நான் எப்படிச் சொல்ல?”

ஆகவே பெயரில்லாமல் எழுதுகிறேன். என் நாவலை வாங்கியவர்கள் தயவுசெய்து இப்படித் திருத்தி வாசிக்க வேண்டும். கடல் மேற்கே இருக்கிறது. மலை கிழக்கே இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் சூரியன் மறைகிற இடம் தவறு. அதை எழுதியது நான். வரைந்தவர் அதைக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னார். வரைபடத்திலிருந்து வடக்கை எடுக்கச் சொன்னதும் நான்தான், அவர் அல்ல.

இதன் ஒரு பிரதியை, கீழே கையெழுத்துப் போட்டு, நாளைக்கு மேலகரத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.